காதெலும்பில் ஒரு நுண்துளை: தலைச்சுற்றலின் காரணத்தைக் காட்டும் வெட்டுப்படம்

தலை சுற்றினால் “பித்தம்” என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். எலுமிச்சம்பழச் சாறோ இஞ்சிச் சாறோ பருகிச் சற்று நேரம் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்பது வீட்டுப் பெரியவர்களின் தீர்ப்பு. பல வேளைகளில் அவ்வாறே சரியாகியும் விடுகிறது. ஆயினும், தலைச்சுற்றல் என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் துன்பங்கள் பல. பசியினால் கண் இருளுவது ஒன்று. இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வருவது மற்றொன்று. நின்றது நின்றபடி இருக்க, வீடும் வாசலும் சுழலுவதாகத் தோன்றுவது வேறொன்று. இந்த மூன்றாவது வகைக்குக் காரணம் பெரும்பாலும் காதில் இருக்கிறது.

இவ்வகைத் துன்பங்களுள் மிக விந்தையானது ஒன்றுண்டு. பக்கத்தில் ஒரு தட்டு விழுந்து ஓசை எழுந்தால், எதிரே உள்ள சுவர் சாய்வது போல் தோன்றும். மூக்கைச் சிந்தினாலும், பாரமான பொருளைத் தூக்கினாலும் தரை நழுவும். தமது குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல் தலைக்குள்ளே முழங்கும். நடந்தால் காலடி ஓசை காதில் இடிக்கும். எல்லாவற்றினும் வியப்பு, கண்விழி இடமும் வலமும் திரும்பும் ஓசையே சிலருக்குக் காதிற் கேட்கும்!

இவற்றை மருத்துவரிடம் எடுத்துச் சொன்னவர்களிற் பலர் நம்பப்படவில்லை. காதினுள் நோக்கினால் செவிப்பறை பழுதின்றி இருக்கிறது, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. ஆகவே மனக்கோளாறு என்று முடிவு கட்டி அனுப்பப்பட்டோர் உண்டு. வேறு நோய் என்று தவறாகக் கருதித் தேவையற்ற காது அறுவைக்கு ஆளானோரும் உண்டு. அவர்கள் கூறியவை முற்றும் மெய்யே என்பது 1998-ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது. அதற்குச் சான்று தந்தது சி.டி. ஸ்கேன் என்று வழங்கும் கணினி வெட்டுப்படம்.

செவியினுள் ஒரு தராசு

காது கேட்பதற்கு மட்டும் அமைந்த உறுப்பன்று. புறச்செவி, நடுச்செவி, உட்செவி என்னும் மூன்று பகுதிகளுள் உட்செவிக்கு இரண்டு தொழில்கள் உண்டு. நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் பகுதி கேட்டலுக்கு உரியது. அதனை அடுத்துள்ள பகுதி உடலின் சமநிலையைக் காப்பது. இவ்விரண்டும் பொட்டெலும்பின் உட்பகுதியில், உடம்பிலேயே மிகக் கடினமான எலும்பு ஒன்றினுள் குடையப்பட்ட நுண்ணிய சுரங்கங்களாக அமைந்துள்ளன. அந்தப் பகுதிக்கு மேனாட்டார் இட்ட இலத்தீன் பெயருக்குப் “பாறை போன்றது” என்றே பொருள்.

சமநிலைப் பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. ஓர் அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கூடுவது போல, இம்மூன்றும் மூன்று திசை நோக்கி நிற்கின்றன. எலும்புக் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதனுள் நீர் நிறைந்துள்ளது.

ஒரு வாளியில் நீர் நிரப்பி, மேலே ஒரு துரும்பை மிதக்கவிட்டு, வாளியைச் சட்டென்று திருப்பினால் நிகழ்வது யாது? வாளி திரும்பிவிடும், நீரும் துரும்பும் பின்தங்கும். தலை திரும்பும்போது குழலுள்ளும் இதுவே நிகழ்கிறது. பின்தங்கும் நீர் அங்குள்ள கூழ் போன்ற ஒரு சவ்வைத் தள்ளி வளைக்கிறது. அதனுள் புதைந்துள்ள நுண்மயிர்கள் சாய்கின்றன. “தலை திரும்புகிறது” என்ற செய்தி நரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது. தட்டாமாலை சுற்றிய குழந்தை நின்ற பிறகும் உலகம் சுழலக் காண்பது, குழலுள் உள்ள நீர் உடனே நின்றுவிடாமையால்தான்.

இச் செய்தி கண்களுக்கும் செல்கிறது. தலை ஒரு பக்கம் திரும்பினால் கண்கள் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்வையை நிலைநிறுத்துகின்றன. இதனை யாவரும் இப்பொழுதே சோதித்து அறியலாம். கையிலுள்ள இப் பத்திரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இடமும் வலமும் விரைவாக ஆட்டிப் படித்தால் எழுத்துகள் தெளிவாகவே தெரியும். தலையை நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் பத்திரிகையை ஆட்டினால் எழுத்துகள் கலங்கிவிடும். முன்னதில் உட்செவி கண்ணுக்குத் துணை நின்றது. பின்னதில் அத் துணை இல்லை.

ஒவ்வொரு குழலும் தனக்குரிய திசையிலேயே கண்ணை அசைக்கும் என்பது இங்கே குறிக்கொள்ளத் தக்கது. ஆதலால், கண் அசையும் திசையைக் கொண்டு எந்தக் குழல் தூண்டப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

புறாக்கள் கற்பித்த பாடம்

சமநிலைக்கும் காதுக்கும் உள்ள இத்தொடர்பு நெடுங்காலம் அறியப்படவில்லை. 1820-ஆம் ஆண்டுகளில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ஃபுளோரன்ஸ், புறாக்களின் அரைவட்டக் குழல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். புறாக்கள் செவிடாகவில்லை, வெட்டுண்ட குழல் எத்திசையில் கிடந்ததோ அத்திசையில் தலையை ஓயாமல் ஆட்டின. 1861-ஆம் ஆண்டில் பாரிசு நகரின் மெனியேர் என்னும் மருத்துவர், கடுமையான தலைச்சுற்றல் காதிலிருந்தும் தோன்றலாம் என்று எடுத்துரைத்தார். அதுவரை அது மூளையில் இரத்தம் தேங்குவதால் வருவதென்றே கருதி, நோயாளியின் இரத்தத்தை வெளியேற்றி வந்தனர். மெனியேர் மறு ஆண்டே காலமானார். அவருடைய பெயர் இன்றும் ஒரு காது நோய்க்கு வழங்குகிறது.

வியன்னா நகரத்து மருத்துவர் பாரனி, காதைக் கழுவும் நீர் மிகக் குளிர்ந்திருந்தாலும் மிகச் சூடாக இருந்தாலும் நோயாளிக்குத் தலை சுற்றுவதையும் கண்கள் துடிப்பதையும் கண்டு, அதனையே ஒரு சோதனை முறையாக வகுத்தார். 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டபோது, அவர் ருசியாவில் போர்க்கைதியாக இருந்தார்.

1929-ஆம் ஆண்டில் இத்தாலியரான துல்லியோ வெளியிட்ட ஆராய்ச்சி மேலும் வியப்பானது. அவர் புறாவின் குழலெலும்பில் ஒரு சிறு துளையிட்டு, அருகே உரத்த ஓசை எழுப்பினார். கேட்டலுக்கு உரிய ஓசை சமநிலைக் குழலைத் தூண்டியது. புறாவின் தலை அக்குழலின் திசையில் அசைந்தது. ஓசையினால் தலைச்சுற்றல் எழுவதற்கு “துல்லியோ நிகழ்ச்சி” என்ற பெயர் இதனால் வந்தது. மனிதரிலும் இந்நிகழ்ச்சி அவ்வப்போது காணப்பட்டது. புறாவுக்குத் துளையிட்டவர் துல்லியோ; மனிதருக்கோ ஒருவரும் துளையிடவில்லை. பின் காரணம் என்ன? பாறை போன்ற எலும்பினுள் நோக்குவதற்கு வழியில்லாதவரை இக்கேள்விக்கு முடிவான விடை கிடைக்கவில்லை.

நிழலிலிருந்து வெட்டுப்படம்

1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்கள் எலும்பைப் படம் பிடித்துக் காட்டின. ஆனால் எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழலே. பத்துப் பேர் வரிசையாக நின்றால் சுவரில் விழும் நிழல் ஒன்றாகத்தான் இருக்கும்; நடுவில் நிற்பவருடைய சட்டையில் கிழிசல் இருந்தால் அந்நிழலில் தெரியாது. தலையின் பல எலும்புகளுக்கு நடுவே கிடக்கும் உட்செவியின் நிலையும் இதுதான்.

இக்குறையை நீக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலர் ஹவுன்ஸ்ஃபீல்டு. இசைத்தட்டுகளால் உலகெங்கும் பெயர் பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தில் அவர் பணியாற்றி வந்தார். தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கதிர்களைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உள்ளே மறைந்தது என்று அளந்து, அவ்வளவுகளைக் கணினியிடம் ஒப்படைத்தால், தலையை வாழைத்தண்டு போல வில்லை வில்லையாக அரிந்து பார்த்தாற் போன்ற படம் கிடைக்கும் என்று அவர் காட்டினார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் லண்டனில் உள்ள ஆட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு இப்படம் எடுக்கப்பட்டது. இதற்குரிய கணிதத்தைத் தனியே ஆராய்ந்திருந்த கார்மக் என்பவருக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் 1979-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

எனினும், அந்த முதற் கருவியால் அரைவட்டக் குழலைக் காட்டியிருக்க முடியாது. அதன் படம் நீளத்தில் 80, அகலத்தில் 80 கட்டங்களே கொண்டது. ஒரு கட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ஒரு வில்லையின் கனம் 13 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர்க் குழல் அத்தகைய ஒரே கட்டத்துள் மறைந்துபோகும். பின்வந்த ஆண்டுகளில் வில்லையின் கனம் படிப்படியாகக் குறைந்து 1 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தது. அப்பொழுதுதான் உட்செவி கண்ணுக்குப் புலப்பட்டது.

முதலில் கண்ணசைவு, பிறகு படம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிலையத்தில், லாயிட் மைனர் என்னும் காது மருத்துவரும் அவருடைய துணைவர்களும், ஓசையாலும் அழுத்தத்தாலும் தலைச்சுற்றல் கொண்ட நோயாளிகள் எண்மரை இரண்டாண்டுக் காலத்தில் ஆராய்ந்தனர். அவர்கள் அந்த நோயாளிகளின் குறைகளைப் புறந்தள்ளவில்லை. உரத்த ஓசையைக் கேட்கச் செய்து, கண்கள் எவ்வாறு அசைகின்றன என்று கூர்ந்து நோக்கினர். கண்கள் மேலுங் கீழுமாகவும் சற்றே சுழன்றும் அசைந்தன. அந்த அசைவு மேற்குழலின் திசையோடு பொருந்தியது.

மூன்று குழல்களுள் மேற்குழல் இருக்கும் இடம் தனிச்சிறப்பு உடையது. அதன் வளைவு மூளை தங்கியிருக்கும் தளத்தை முட்டுவது போல் எழும்பி நிற்கிறது. குழலுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே உள்ளது ஒரு மெல்லிய எலும்புக் கூரையே. அக்கூரையில் துளை இருக்குமாயின் துல்லியோவின் புறாவுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று அவர்கள் கருதினர். வெட்டுப்படம் எடுத்துப் பார்த்தபோது அங்கே எலும்பு இல்லாதிருக்கக் கண்டனர். மிகுந்த தொல்லையுற்றிருந்த இருவருக்கு அறுவை செய்து அக்குழலை அடைத்தபோது துன்பம் தணிந்தது. இச்செய்தி 1998-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இந்த வரிசை முக்கியமானது. நோயாளியின் சொல் முதலில் வந்தது. கண்ணசைவு அதற்கு வழிகாட்டியது. கருதிய இடத்தில் கருதியது இருக்கிறதா என்று பார்ப்பதற்கே படம் பயன்பட்டது.

மூன்றாவது சாளரம்

சிறு துளை ஒன்று இத்தனை விந்தைகளை விளைப்பது எவ்வாறு? நலமான உட்செவிக்கு நடுச்செவியை நோக்கி இரண்டே சாளரங்கள் உண்டு. அங்கவடி போன்ற சிற்றெலும்பு ஒரு சாளரத்தை உள்ளே தள்ளும். உட்செவி நீர் அழுந்தும். மற்றச் சாளரத்தின் சவ்வு வெளியே பிதுங்கும். இவ்வாறு ஓசை நத்தைச் சுருளின் வழியே சென்று வெளியேறுகிறது. சமநிலைக் குழல்களுக்கு வேறு வாயில் இல்லாமையால் அங்குள்ள நீர் அசைவதில்லை.

மேற்கூரையில் துளை ஏற்பட்டால் அது மூன்றாவது சாளரமாகிவிடுகிறது. ஓசையின் ஆற்றலில் ஒரு பகுதி குழலின் வழியே திரும்பி அத்துளையில் வெளியேறுகிறது. போகும் வழியில் குழலின் நீரை அசைப்பதால் உலகம் ஆடுகிறது. உடம்பினுள் எலும்பின் வழியே பரவும் ஓசைகளோ அளவுக்கு மீறிப் பெருகிக் கேட்கின்றன. குரலும் காலடியும் கண்ணசைவும் கேட்பது இதனாலேயே. கணுக்கால் எலும்பின்மேல் வைத்த இசைக்கவையின் ஒலி காதிற் கேட்பதும் உண்டு. மூக்கைச் சிந்தும்போது அழுத்தம் மாறுவதால் சுற்றல் எழுகிறது. முன்னே மனமயக்கம் என்று தள்ளப்பட்ட ஒவ்வொரு குறைக்கும் இத்துளையே விடையாயிற்று.

பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் அக்கூரை மெல்லியதாகவே இருக்கிறது. மூன்று வயது வரையில் அது தடித்து வருகிறது. சிலருக்கு அவ்வாறு தடிக்காமல் நின்றுவிடுகிறது. பின்னாளில் தலையில் படும் அடியோ, ஆண்டாண்டாக மூளையின் அழுத்தமோ அம்மெல்லிய தகட்டைத் துளைத்துவிடுகிறது என்று கருதப்படுகிறது. குறைகள் பெரும்பாலும் நடுவயதில் தலைகாட்டுவதற்கும் இதுவே காரணமாகலாம்.

படமும் ஏமாற்றும்

வெட்டுப்படத்தின் புகழைக் கேட்டவுடன், தலை சுற்றினோர் அனைவருக்கும் படம் எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும்.

கட்டம் போட்ட கணக்குத்தாளில் மெல்லிய பென்சிற் கோடு ஒன்று வரைந்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே நிறமாகத் தீட்ட வேண்டும் என்று விதித்தால் என்னாகும்? கோடு ஓடும் கட்டத்தில் கறுப்புச் சிறிது, வெள்ளை மிகுதி. சராசரி பார்த்துத் தீட்டினால் வெளிறிய சாம்பல் நிறமே வரும், கோடு மறைந்துபோகும். கணினியும் இவ்வாறே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே அளவைத் தருகிறது. கட்டத்தின் அளவைவிட எலும்புத் தகடு மெல்லியதாயின், உள்ள எலும்பு இல்லாதது போற் காட்டப்படும்.

இதனால் விளைந்த வேறுபாடு சிறிதன்று. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், இறந்தவர்களின் 1,000 பொட்டெலும்புகளை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, உண்மையான துளை 0.5 விழுக்காட்டில்தான் இருந்தது, மேலும் 1.4 விழுக்காட்டில் கூரை 0.1 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய தகடாக இருந்தது. 2003-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், வெட்டுப்படத்தை மட்டும் கொண்டு எண்ணியபோது 9 விழுக்காட்டில் துளை இருப்பதாகத் தோன்றியது. அப்படங்கள் காட்டியவற்றுள் பல, துளையல்லாத மெல்லிய எலும்பாகவே இருந்திருக்க வேண்டும்.

இக்குறைக்கு இரண்டு மாற்றுகள் காணப்பட்டன. ஒன்று, வில்லையின் கனத்தைக் குறைப்பது. மற்றொன்று, படத்தைச் சரியான வாக்கில் திருப்பிப் பார்ப்பது. மாவுருண்டையினுள் ஒரு வளையலைப் புதைத்து, உருண்டையைக் குறுக்கே அரிந்தால் இரண்டு புள்ளிகள்தாம் தெரியும். வளையல் கிடக்கும் வாக்கிலேயே அரிந்தால் முழு வளையமும் தெரியும். மேற்குழல் தலையினுள் சாய்வாகக் கிடப்பதால், கணினியைக் கொண்டு படத்தை அக்குழலின் வாக்குக்கே திருப்பி நோக்கினர். 1 மில்லிமீட்டர் வில்லைகளைக் கொண்டு “துளை உண்டு” என்று படித்தவற்றுள் பாதியே மெய்யாயின என்றும், 0.5 மில்லிமீட்டர் வில்லைகளோடு இம்முறையைச் சேர்த்தபோது 93 விழுக்காடு மெய்யாயின என்றும் 2003-இல் வேறோர் ஆய்வு தெரிவித்தது. 2021-இல் 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு நுணுக்கம் காட்டும் புதுவகைக் கருவிகளும் பயனுக்கு வந்தன.

கருவி எத்துணை நுட்பமாயினும் படத்தை மட்டும் நம்பி நோயை முடிவு செய்யலாகாது என்பதே வல்லுநர் கருத்து. பாரனியின் பெயரால் இயங்கும் அனைத்துலக மருத்துவர் சங்கம் 2021-ஆம் ஆண்டில் இதற்கு விதி வகுத்தது. அதன்படி மூன்றும் ஒத்து வரவேண்டும்: நோயாளிக்கு மேற்சொன்ன குறைகளுள் ஒன்றேனும் இருத்தல், செவிச் சோதனையிலோ கண்ணசைவிலோ மூன்றாவது சாளரத்தின் அடையாளம் காணப்படுதல், நுண்ணிய வெட்டுப்படத்தில் துளை தெரிதல். படத்தில் துளை இருந்தும் துன்பமின்றி வாழ்வோர் உளர். அவர்களுக்கு அறுவை வேண்டுவதில்லை. அடைக்கும் அறுவையினால் செவிப்புலன் குறையும் இடரும் உண்டாகையால், துன்பம் தாங்கலாகாதபோதே அது மேற்கொள்ளப்படுகிறது.

படம் காட்டுவதும் காட்டாததும்

சி.டி. படம் எலும்பைக் காட்டுவதில் வல்லது. விபத்தில் பொட்டெலும்பு வெடித்திருப்பதையும், மூளை உறைக் காய்ச்சலுக்குப் பின் உட்செவி எலும்பாக இறுகிவிட்டதையும், பிறவியிலேயே உட்செவி சரியாக உருவாகாமையையும் அது காட்டும்.

ஆனால் தலைச்சுற்றலை உண்டாக்கும் பொதுவான நோய்கள் பல அதற்குப் புலப்படா. படுக்கையில் புரண்டதும் சில நொடிகள் உலகம் சுழலும் நோய் மிகப் பரவலானது. உட்செவியில் தம் இடத்தில் இருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் பிரிந்து அரைவட்டக் குழலில் புகுந்துவிடுவதே அதன் காரணம். அத்துகள்கள் படத்தில் தெரியா. மருத்துவர் நோயாளியைக் குறித்த முறையில் படுக்க வைத்துக் கண்ணசைவை நோக்கியே அதனை அறிவார்; தலையை முறைப்படி திருப்பியே பெரும்பாலும் குணப்படுத்துவார். மெனியேர் நோயில் உட்செவி நீர் மிகுவதையும் சி.டி. காட்டாது. எக்ஸ் கதிர்களை வீணே உடலில் செலுத்துவதும் தகாது. குழந்தைகள், கருவுற்ற தாய்மார் ஆகியோர் விஷயத்தில் இது மிகவும் கருத்திற் கொள்ளத்தக்கது.

வேறொன்றும் நினைவில் இருத்தல் நன்று. தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறல், கைகால் சோர்வு, முகம் கோணுதல், பார்வை இரட்டித்தல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினால், அது மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தின் தடையாக இருக்கலாம். அப்போது இஞ்சிச் சாற்றுக்கும் பொழுதில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எண்மர் சொன்ன விந்தையான குறைகளைக் கேட்டு, இப்படியும் இருக்குமா என்று நகையாமல், இப்படியும் இருக்கலாமே என்று எண்ணிப் பார்த்ததன் பயனாகவே ஒரு புதிய நோய்க்கு வழி தெரிந்தது. வீட்டில் ஒருவர், “ஓசை கேட்டால் தலை சுற்றுகிறது, என் கண் அசைவது எனக்கே கேட்கிறது” என்று சொன்னால், அவரைப் பரிகசிக்கலாகாது. அவர் சொல்வதை நாள், நேரம், தூண்டிய காரணம் ஆகியவற்றோடு ஒரு தாளில் குறித்து, காது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. எங்கே நோக்க வேண்டும் என்பதை வெட்டுப்படக் கருவிக்குச் சொல்லித் தருவது அந்தக் குறிப்புத்தான்.